பனிக்கட்டி பார்க்காத ராஜா

அற்புதங்களைப் பற்றி டேவிட் ஹ்யூம் எழுதியதில் ஓர் இந்திய ராஜா வந்து போகிறார். பெயர் இல்லை, ஊர் இல்லை. குளிர் தேசங்களில் தண்ணீர் உறைந்து கட்டியாகும் என்று யாரோ சொல்ல, அவர் நம்ப மறுக்கிறார். ஹ்யூம் அவரைக் கேலி செய்வதில்லை. சரியாகத்தான் யோசித்தார் என்று மெச்சுகிறார். பிறந்தது முதல் ஓடுகிற தண்ணீரை மட்டுமே கண்ட ஒருவர், வழிப்போக்கனின் வாய்ச்சொல்லை வைத்து வேறு மாதிரி நம்பிவிடலாமா? இன்னும் வலுவான சாட்சி கொண்டு வா என்று கேட்பதுதான் முறை.

ஹ்யூமுக்கு முன்பே ஜான் லாக் இதே கதையை வேறு விதமாகச் சொல்லியிருந்தார். அங்கே வருபவர் சயாம் ராஜா. டச்சுத் தூதர் அவரிடம், எங்கள் நாட்டில் குளிர்காலத்தில் தண்ணீர் மேல் யானையே நடக்கலாம் என்கிறார். அதுவரை தூதர் சொன்ன அதிசயங்களையெல்லாம் நம்பி வந்த ராஜா, இப்போதுதான் நீர் பொய்யர் என்று தெரிந்தது என்று பேச்சை முடித்துவிடுகிறார்.

இரண்டு பேரும் நம்பவில்லை. ஒருவர் சாட்சி கேட்கிறார். மற்றவர் தீர்ப்பே எழுதிவிடுகிறார். நாத்திகம், பகுத்தறிவு, ஐயவாதம் என்று நாம் சொல்வதற்குள் இந்த இரண்டு ராஜாக்களும் இருக்கிறார்கள்.

ஹ்யூமின் அந்தப் புத்தகம் வந்தது 1748-ல். அப்போது பனிக்கட்டி பார்க்காத ராஜா ஒருவர் நிஜமாகவே எங்கள் பத்மநாபபுரம் அரண்மனையில் இருந்தார், திருவிதாங்கூரின் மார்த்தாண்ட வர்மா. டச்சுக்காரர்களின் ஆள் ஒருவரும் பக்கத்திலேயே, உதயகிரிக் கோட்டையில் இருந்தார்: 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு ராஜாவின் படைக்கே தளபதியான டிலனாய். இன்றைய கல்குளம் தாலுகாவுக்குள் யானையும் இருந்தது, பனி பார்த்தவரும் இருந்தார், பார்க்காத ராஜாவும் இருந்தார். ஐரோப்பியத் தத்துவவாதிகள் கற்பனையில் தேடிய ஆட்கள் இங்கே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஊர் பூதப்பாண்டி. வீட்டுக்காரி கோயிலுக்குப் போனால் கூடப் போவேன், திருநீறு கொடுத்தால் வாங்கிப் பூசுவேன். கடவுள் உண்டா என்று கேட்டால், கணக்கு இன்னும் முடியவில்லை என்பேன். இதனால் எனக்கு இரண்டு பக்கமும் மரியாதை குறைவு. குறிப்பாக அண்ணாச்சியிடம். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கருப்புச் சட்டைக்காரர், நல்ல படிப்பாளி. வடசேரியில் ஒரு டீக்கடையில் நாங்கள் சந்திப்போம்.

ஒரு நாள் பேச்சு நாகராஜா கோயில் மண்ணைப் பற்றி வந்தது. நாகர்கோவிலுக்குப் பெயர் கொடுத்த கோயில். மூலஸ்தானத்துக்கு ஓலைக்கூரை, நாகர் இருக்கிற இடம் ஈர மணல். அந்த மண்தான் பிரசாதம். எவ்வளவு எடுத்தாலும் குறைவதில்லை, ஆடியிலிருந்து மார்கழி வரை கறுப்பாகவும் தையிலிருந்து ஆனி வரை வெள்ளையாகவும் இருக்கும் என்பார்கள். தோல் நோய்க்கு மருந்து என்பார்கள். கோயிலின் சுற்றுவட்டத்தில் பாம்பு கடித்து யாரும் செத்ததில்லை என்றும் ஒரு பேச்சு உண்டு.

"ஈரம் வே அது," என்றார் அண்ணாச்சி. "மழைக்காலத்துல மண்ணு கறுக்கும், வெயில்ல வெளுக்கும். இதுக்கு ஒரு நாகராஜா வேணுமாக்கும்?"

நல்ல விளக்கம். எனக்கும் அதுதான் தோன்றுகிறது. நனைந்த மணல் இருட்டாகத் தெரிவது வீட்டு முற்றத்திலேயே காணக்கூடியது. ஆனால் கணக்கு வாத்தியாருக்கு ஒரு கெட்ட பழக்கம், நுனிகளைச் சரிபார்ப்பது. எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. இடவப்பாதி வைகாசியின் பின்பாதியிலேயே இறங்கிவிடும். அப்படியானால் ஆனியில் மண் கறுத்திருக்க வேண்டும். ஐதீகமோ ஆனியை வெள்ளையில் சேர்க்கிறது. மறுபக்கம், மார்கழிக்குள் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஐதீகம் மார்கழியைக் கறுப்பில் வைக்கிறது. ஆக, இரண்டு நுனியும் மழையை விட ஏறக்குறைய ஒரு மாதம் பின்தங்கி நிற்கின்றன. இது அண்ணாச்சியின் விளக்கத்தைக் கெடுக்கவில்லை, திருத்துகிறது. நிலத்தடி நீர் மழைக்குப் பின்னால்தான் ஏறும், பின்னால்தான் இறங்கும். காரணம் மேலே பெய்யும் மழையாக இல்லாமல் கீழேயிருந்து ஊறும் நீராக இருக்கலாம்.

இருக்கலாம். இதைத் தெரிந்துகொள்ள ஆய்வகம் வேண்டாம். மாதம் ஒரு தடவை பிரசாதம் வாங்கி, வெள்ளை அட்டையில் வைத்துப் படம் எடுத்து, எடை பார்த்து, வாணலியில் வறட்டி மறுபடி எடை பார்த்தால் போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும். நான் அண்ணாச்சியிடம், உங்க ஆட்கள் யாராவது செய்திருக்காங்களா என்று கேட்டேன். "மடத்தனத்தைச் சோதிக்க எங்களுக்கு என்ன, வேற சோலி இல்லையா?" என்றார்.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. சொல்கிறவன்தான் நிரூபிக்க வேண்டும். ஊரில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கதை. எல்லாவற்றையும் அளந்துகொண்டிருந்தால் ஆயுள் போதாது. முன் அனுபவத்தை வைத்து, இது நடக்க வாய்ப்பில்லை என்று ஒதுக்கிவிட்டு நடப்பது நியாயமான காரியம். நான் குறை சொல்வது ஒதுக்கியதை அல்ல. ஒதுக்கியதைச் சோதித்து முடித்ததாகச் சொல்லிக்கொள்வதை.

அதே அண்ணாச்சி வெளியூர் நண்பர்களைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போனால் தெற்கே கையை நீட்டி, "இந்தக் கடலுக்கு அடியிலதான் நம்ம குமரிக் கண்டம்" என்பார். அவர் மட்டுமல்ல, பகுத்தறிவு பேசுகிறவர்களில் இப்படிப் பலரை எனக்குத் தெரியும். இந்தக் கண்டத்தின் வரலாறு சுருக்கமானது. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் லெமூர் வகை விலங்குகளின் தடயங்கள் இருப்பதை விளக்க, 1864-ல் பிலிப் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் நடுவில் ஒரு நிலம் இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்து லெமூரியா என்று பெயர் வைத்தார். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்த பிறகு அந்த ஊகத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. இங்கே அது சிலப்பதிகாரமும் இறையனார் களவியல் உரையும் சொல்லும் கடல்கோளோடு கலந்து, நம் பூர்வீகமாகிவிட்டது. சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தின் உச்சத்தில் கடல் மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அப்போது குமரிக்குத் தெற்கே கொஞ்சம் தரை வெளியே இருந்தது உண்மை. அதைத் தாண்டினால் ஆழம் ஆயிரக்கணக்கான மீட்டர். கண்டம் மூழ்கியதற்கான தடயம் அங்கே இல்லை.

இதைச் சொன்னபோது அண்ணாச்சிக்குக் கோபம் வந்தது. "அப்ப இளங்கோ பொய் சொல்லுவாராக்கும்?"

"சாமித்தோப்பில போய் அவங்க வேதம் அகிலத்திரட்டு பொய் சொல்லுமான்னு கேட்டா என்ன செய்வீங்க அண்ணாச்சி?" என்றேன். அன்றைக்கு டீக்கு அவர் காசு கொடுக்கவில்லை.

எங்கள் ஊரின் அவநம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இந்த முரண் அவ்வளவு விநோதமாகத் தெரியாது. அது ஆதாரம் போதவில்லை என்ற ஆராய்ச்சியில் பிறந்ததல்ல. தெருவில் நடக்க விடவில்லை என்பதில் பிறந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மயிலாடியில் மகாராசன் என்று ஒருவர், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். கடவுளைத் தேடிச் சிதம்பரம் வரை போய் மனம் கசந்து, தஞ்சாவூரில் கோலாஃப் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். அவர் கேட்டுக்கொண்டதன் பேரில்தான் 1806-ல் மிஷனரி ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809-ல் மயிலாடியில் கிறிஸ்தவக் கோயில் எழும்பியது. அதே 1809-ல்தான் சில மைல் தள்ளி முடிசூடும்பெருமாள் பிறந்தார். அந்தப் பெயர் இந்தச் சாதிக்கு ஆகாது என்று மேல்சாதியார் ஆட்சேபிக்க, முத்துக்குட்டி ஆனார். பிறகு வைகுண்டர் ஆனார். தலைவரி, கூலியில்லா ஊழியம், மேலாடைத் தடை என்று நசுக்கப்பட்ட மக்களிடம் அவர் கடவுள் இல்லை என்று சொல்லவில்லை. தலைப்பாகை கட்டிக்கொண்டு வா என்றார், பொதுக்கிணற்றில் சேர்ந்து குளி என்றார். சாமித்தோப்பில் அவருடைய பதியின் கருவறையில் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. அன்றைய திருவிதாங்கூர் ராஜா அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தார். 1851-ல் அவர் மறைந்தபோது அவரைத் தெய்வமாகவே கண்ட ஒரு பெரும் மக்கள்திரள் இருந்தது.

மூன்றாமவர் எங்கள் ஊர்க்காரர். 1907-ல் பூதப்பாண்டியில் பிறந்த சொரிமுத்து, குலதெய்வத்தின் பெயர். தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவரல்ல, வெள்ளாளர் குடும்பம். ஆனாலும் கூடப் படித்த பிள்ளைக்கு நடந்த அநியாயம் அவருக்குப் பொறுக்கவில்லை. சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லோரும் நடக்க வேண்டும் என்று 1926-ல் டாக்டர் எம்பெருமாள் நாயுடு சத்தியாகிரகம் நடத்திய காலம். அந்தப் போராட்டங்களின் வழியாக வளர்ந்து, சுயமரியாதை இயக்கத்துக்கும் பிறகு கம்யூனிஸ்ட் கட்சிக்கும் போய், ப. ஜீவானந்தம் என்ற ஜீவா ஆனார். பகத் சிங் லாகூர்ச் சிறையில் எழுதிய நாத்திகக் கட்டுரையைத் தமிழில் தந்து அதற்காகச் சிறை போனவர். திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-ல்.

வேதமாணிக்கம், வைகுண்டர், ஜீவா. மூன்று பேர் பிறந்த ஊர்களையும் ஒரே நாளில் சைக்கிளில் சுற்றி வந்துவிடலாம். மூவர் முன்னும் இருந்தது ஒரே அநியாயம். ஒருவர் வேறு கடவுளிடம் போனார், ஒருவர் கடவுளைத் தம் மக்கள் பக்கம் கொண்டுவந்தார், ஒருவர் கடவுளே வேண்டாம் என்றார். வகுப்பில் ஒரு கணக்குக்கு மூன்று பிள்ளைகள் மூன்று விடை எழுதி, மூன்றும் பொருந்தி வந்தால் நான் பிள்ளைகளை அடிக்க மாட்டேன். கணக்கில் கொடுத்த தகவல் போதவில்லை என்று பார்ப்பேன். தெருவை அடைத்தவன் அயோக்கியன் என்பதற்கு அந்த அநியாயம் முழு ஆதாரம். தெய்வம் இல்லை என்பதற்கு அது மட்டும் போதாது.

பகத் சிங்கின் வாதம் இதைவிடக் கூர்மையானது என்று அண்ணாச்சி சொல்வார், சரிதான். எல்லாம் வல்லவர், எல்லாம் நல்லவர் என்று ஒருவர் இருந்தால் இந்தத் துன்பத்தை ஏன் வைத்தார் என்ற கேள்விக்கு நான் அறிந்த எந்தப் பதிலும் எனக்குத் திருப்தி தந்ததில்லை. ஆனால் அந்தக் கேள்வி யாரைக் கேட்கிறது? ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் முப்பந்தலில் இருக்கும் இசக்கி, தன்னை எல்லாம் வல்லவள் என்று சொன்னதில்லை. எல்லாம் நல்லவள் என்று நிச்சயமாகச் சொன்னதில்லை. வஞ்சிக்கப்பட்டுச் செத்தவள் அவள், பழிவாங்கத் தெய்வமானவள். சுடலைமாடனும் தன்னை எல்லாம் நல்லவர் என்று சொன்னதில்லை, கேட்பதை வாங்காமல் போகமாட்டார். எங்கள் பக்கத்து வில்லுப்பாட்டுகளில் பல அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களின் கதைகள். அநியாயம் இங்கே தெய்வங்களைக் கொன்றதைவிட அதிகமாகப் பெற்றுப் போட்டிருக்கிறது. ஐரோப்பாவில் கிறிஸ்தவக் கடவுளுக்கு எதிராகத் தீட்டிய கத்தியை அப்படியே கொண்டுவந்து இசக்கி முன்னால் வீசினால் அது அவள் மேல் படுவதே இல்லை. எதிராளி யார் என்று பார்க்காமல் வாதாடுவது தர்க்கத்துக்கு அழகல்ல.

அநியாயமாகக் கொல்லப்பட்டு வணக்கத்துக்குரியவரானவர்களில் கடைசியாக உலகப் புகழ் பெற்றவர் தேவசகாயம். நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை அதிகாரி. டிலனாயிடம் பேசிப் பழகி மனம் மாறினார். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். சிறை, சித்திரவதை. 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ல் ரோமில் புனிதரானார். மறைசாட்சிக்கு முந்தைய படியான முக்திப்பேறு கொடுக்க அற்புதம் வேண்டாம். புனிதராக்க ஒன்று வேண்டும். அவருக்காக ஏற்கப்பட்டது 2013-ல் நடந்தது: வயிற்றில் ஆறு மாதக் குழந்தைக்கு உயிரில்லை என்று மருத்துவம் சொல்ல, தாய் அவரை வேண்ட, குழந்தை அசைந்தது.

"ரோம்காரன் கட்டுன கதை" என்று அண்ணாச்சி ஒரே வரியில் முடித்துவிட்டார். சயாம் ராஜா.

ரோம்காரன் என்ன செய்கிறான் என்று பார்ப்போம். இந்த மாதிரிச் செய்தி வந்தால் மருத்துவர் குழு ஒன்று ஆவணங்களைப் பார்த்து, இன்றைய மருத்துவத்தால் விளக்க முடியுமா என்று வாக்களிக்கிறது. 2016-க்குப் பிறகு ஏழு பேரில் ஐந்து பேராவது ஒத்துக்கொள்ள வேண்டும். 1587 முதல் 1983 வரை, புனிதர் ஆகப்போகிறவருக்கு எதிராக வாதாடுவதையே வேலையாகக் கொண்ட ஓர் அதிகாரி இருந்தார். சாத்தானின் வக்கீல் என்று கிண்டலாகச் சொல்வார்கள். அந்தப் பதவியின் அதிகாரத்தைக் குறைத்த பிறகும், அன்னை தெரசா விஷயத்தில் கிறிஸ்டோபர் ஹிட்சென்ஸ் என்ற பிரபல நாத்திகரையே கூப்பிட்டு எதிர்சாட்சி வாங்கினார்கள். கடவுள் பக்கத்தை முழுப் பலத்தோடு வாதாட ஓர் ஆளை நியமித்த பகுத்தறிவுச் சங்கம் எங்காவது உண்டா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். பீடியைப் பற்றவைத்தார்.

இதனால் ரோமின் கணக்கு சரி என்று ஆகிவிடாது. பின்னத்தில் தொகுதியை மட்டும் சொல்லிப் பகுதியைச் சொல்லாமல் விட்டால் அது எண்ணே இல்லை. வேண்டிக்கொண்டு பிழைத்த குழந்தை ஒன்று. வேண்டிக்கொண்டும் பிழைக்காதவை எத்தனை? யாரையும் வேண்டாமலே, ஒரு ஸ்கேனில் கேட்காத துடிப்பு அடுத்ததில் கேட்டது எத்தனை? மருத்துவர் குழு கேட்கும் கேள்வி, இதை விளக்க முடியுமா என்பதுதான். இது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பதல்ல. நாகராஜா கோயில் பாம்புக்கடி விஷயமும் இப்படியே. கடிக்கிற பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. விஷப்பாம்பும் பல நேரம் விஷம் இறக்காமல் கடித்துவிட்டுப் போகும். பகுதியில் இந்தக் கடிகளையெல்லாம் சேர்த்தால் மண் காப்பாற்றியதாகத் தோன்றுவது எவ்வளவு மிஞ்சும்? இதுதான் ஐயவாதியின் உண்மையான ஆயுதம். அண்ணாச்சி அதைக் கையில் எடுக்கவே இல்லை என்பதுதான் என் வருத்தம். நான் கேட்டவரையில் எங்கள் மாவட்டத்தில் அந்த அற்புதத்தைப் பற்றி வாக்குவாதமே நடக்கவில்லை. சூடாக நடந்தது, புனிதரின் பெயரோடு 'பிள்ளை' இருக்கலாமா என்பதைப் பற்றி. ரோம் அதை எடுத்துவிட்டது.

பகுதியை மறைப்பது ஒரு பக்கத்து வியாதி அல்ல. மதத்தால்தான் ரத்தம் ஓடுகிறது என்பதற்கு அண்ணாச்சி எப்போதும் மண்டைக்காட்டைச் சொல்வார். 1982 மார்ச் 1, மாசிக் கொடை நேரம், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் ஆறு பேர் செத்தார்கள்; பிறகு இந்து-கிறிஸ்தவக் கலவரம் கடற்கரைக் கிராமங்களில் பரவியது. மறுக்க முடியாது. அந்த நாட்களில் ஊர் ஊராகப் போய் இரண்டு பக்கத்தாரையும் பேச வைத்தவர்களில் முக்கியமானவர் ஒரு காவி உடைக்காரர், குன்றக்குடி அடிகளார். அவரையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு பிறகு வகுக்க வேண்டும். விடை அப்போதும் மதத்துக்கு எதிராகவே வரலாம். வரட்டும்.

கடைசியாக அண்ணாச்சியிடம் நேரடியாகவே கேட்டேன்: என்ன ஆதாரம் கிடைத்தால் உங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்வீர்கள்?

"ஒண்ணும் மாத்தாது வே. இல்லாததுக்கு எங்கேருந்து ஆதாரம் வரும்?"

எந்தச் சாட்சியும் அசைக்க முடியாத முடிவு சாட்சியிலிருந்து வந்த முடிவாக இருக்க முடியாது. இதை அவரே பக்தர்களிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்.

அதே கேள்வியை, அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்திருந்த ஒரு மாலை, அடுத்த வீட்டு அக்காவிடம் கேட்டேன். பேரனுக்குக் காலில் சொறி. ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் காட்டிக் களிம்பு வாங்கியிருந்தாள். நாகராஜா கோயில் மண்ணும் வாங்கியிருந்தாள். என்ன நடந்தால் மண்ணை நிறுத்துவாய் என்றேன். அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"புண்ணு பெருசாச்சுன்னா நிறுத்திருவேன். டாக்டர் வேண்டாம்னாலும் நிறுத்திருவேன். நாகரு கோவிச்சுக்க மாட்டாரு."

"பின்ன அந்த மண்ணு எதுக்காக்கும்?" என்றார் அண்ணாச்சி. பதிலை முன்கூட்டியே கையில் வைத்துக்கொள்ளாமல் அவர் கேட்டு நான் கேட்ட முதல் கேள்வி.

"தோட்டத்துல பாம்பு கிடக்குல்லா அண்ணாச்சி. அதுககிட்ட ஒரு பேச்சுவார்த்தை வேண்டாமா?"

"பாம்புக்குக் காதே கேக்காது மக்கா."

அது முழு உண்மையல்ல. வெளிக்காது கிடையாது, ஆனால் உள்காது உண்டு. தரையின் அதிர்வு தாடை எலும்பு வழியாக அதற்குப் போகிறது, காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகளில் சிலவும் கேட்கும். அண்ணாச்சியிடம் சொன்னேன். உடனே ஆதாரம் கேட்டார். எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இந்த வாரமாவது டீக்கு அவர் காசு கொடுக்கிறாரா பார்க்க வேண்டும்.